ஒன்டாரியோவில் வாடகை வீடும் சிகரெட்டும்: லீஸில் கையெழுத்துப் போடும் முன்பும் பின்பும்

டொராண்டோவில் வீடு தேடி அலைபவர்களுக்கு வாடகை, பஸ் ரூட், வாஷிங் மெஷின், இன்டர்நெட் இவைதான் கண்ணில் படும். லீஸில் புகைபிடிப்பது பற்றி ஒரு பிரிவு இருப்பதை யாரும் நின்று படிப்பதில்லை. சிகரெட் பிடிக்காதவர்கள் அது நமக்கு எதற்கு என்று தாண்டிவிடுவார்கள். பிடிப்பவர்கள் பால்கனி இருக்கிறதே என்று தாண்டிவிடுவார்கள். பிறகு குளிர்காலத்தில் மேல்வீட்டுக்காரர் புகார் கொடுத்து, கதவிடுக்கில் ஒரு நோட்டீஸ் செருகியிருக்கும்போதுதான் அந்தப் பக்கத்தைத் தேடுவோம்.

இந்த மாகாணத்தில் புகை தொடர்பான வாடகைத் தகராறுகளைப் பார்த்தால் இரண்டு தவறான நம்பிக்கைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. 'லீஸில் ஒன்றும் எழுதவில்லை, அதனால் என் வீட்டுக்குள் நான் பிடிக்கலாம்' என்று வாடகைக்காரர் நம்புகிறார். 'லீஸில் கூடாது என்று எழுதியிருக்கிறது, ஒரு சிகரெட் பிடித்தாலும் வெளியே அனுப்பிவிடலாம்' என்று வீட்டுக்காரர் நம்புகிறார். இரண்டும் சரியில்லை. லீஸில் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு, உங்கள் புகை அடுத்தவரை என்ன செய்கிறது, வீட்டை என்ன செய்கிறது என்பதையும் வாடகைத் தகராறுகளை விசாரிக்கும் வாரியம் பார்க்கும். பெரும்பாலும் அந்த இரண்டாவது கேள்விதான் வழக்கை முடிவு செய்கிறது.

முதலில், நீங்கள் எடுக்கும் வீடு எந்த வகை?

ஒன்டாரியோவில் வாடகை உறவை ஆள்வது 2006ஆம் ஆண்டின் குடியிருப்பு வாடகைச் சட்டம். தகராறுகளைத் தீர்ப்பது வீட்டுக்காரர் - வாடகைக்காரர் வாரியம். ஆனால் இந்தச் சட்டம் எல்லா வாடகைக்கும் பொருந்தாது. வீட்டு உரிமையாளரோடு அல்லது அவருடைய நெருங்கிய குடும்பத்தாரோடு ஒரே சமையலறையை அல்லது குளியலறையைப் பகிர்ந்துகொண்டு இருக்க வேண்டும் என்ற ஏற்பாட்டில் அறை எடுத்திருந்தால், சட்டத்தின் பாதுகாப்பு உங்களுக்குக் கிடையாது. படிக்க வரும் பிள்ளைகள் பலர் ஸ்காபரோவிலும் பிராம்டனிலும் இப்படித்தான் இருக்கிறார்கள். அங்கே வீட்டுக்காரம்மா 'வீட்டுக்குள்ளே பிடிக்காதே தம்பி' என்றால் அதுதான் விதி. வாரியத்தில் போய் வாதாட முடியாது.

தனிக் கிச்சன், தனி பாத்ரூமோடு பேஸ்மென்ட் எடுத்திருந்தால் சட்டம் பொருந்தும். ஆனால் அதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. மூன்று அல்லது அதற்குக் குறைவான குடியிருப்புகள் உள்ள கட்டடத்தில் வீட்டுக்காரரும் குடியிருந்தால், அவருடைய நிம்மதியைப் பெரிதாகக் கெடுக்கிறீர்கள் என்று சொல்லி 10 நாள் அவகாசத்தில், வீட்டைக் காலி செய்யச் சொல்லும் என்-7 நோட்டீஸ் கொடுக்கலாம். திருத்திக்கொள்ள வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் அந்த வகை நோட்டீஸில் இல்லை. பேஸ்மென்டில் புகைபிடிப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இங்கே வீடுகளைச் சூடாக்கும் ஃபர்னஸ் பெரும்பாலும் ஒன்றுதான். கீழே உள்ள காற்றை இழுத்துச் சூடாக்கி, குழாய் வழியாக வீடு முழுக்க அனுப்பும். ராத்திரி பதினொரு மணிக்கு நீங்கள் கீழே பற்றவைத்தது கொஞ்ச நேரத்தில் மேலே குழந்தையின் தொட்டிலுக்குப் பக்கத்தில் உள்ள துவாரத்தில் வந்து நிற்கும். கதவைச் சாத்துவதால் ஒன்றும் ஆகாது.

மூன்றாவது வகை கொண்டோ, அதாவது ஒவ்வொரு வீடும் தனித்தனி உரிமையாளருக்குச் சொந்தமான அடுக்குமாடி. அதில் உங்கள் வீட்டுக்காரருக்கு மேலே கொண்டோ நிர்வாகம் என்று ஒன்று இருக்கிறது. அதற்கென்று பிரகடனம், துணைவிதிகள், விதிகள் உண்டு. வாடகைக்கு வந்தவரையும் அவை கட்டுப்படுத்தும். லீஸ் போடும்போதே அவற்றின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள், கொடுக்க வேண்டியது உரிமையாளரின் கடமை. சில கொண்டோக்களில் புகைத்தடை வந்தபோது, ஏற்கெனவே அங்கே இருந்து புகைபிடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு விலக்குக் கொடுத்திருப்பார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் பால்கனியில் நின்று பிடிப்பதைப் பார்த்துவிட்டு நமக்கும் ஆகும் என்று நினைக்காதீர்கள். அவருக்குள்ள விலக்கு புதிதாக வரும் உங்களுக்குக் கிடைக்காது.

லீஸின் 10ஆம் பிரிவைப் படியுங்கள்

2018 ஏப்ரல் 30 முதல் ஒன்டாரியோவில் பெரும்பாலான வாடகைகளுக்கு மாகாணத்தின் பொது லீஸ் படிவத்தைத்தான் பயன்படுத்த வேண்டும். அதில் 10ஆம் பிரிவு புகைபிடிப்பதற்கானது. கட்டடத்தின் உள்ளே இருக்கும் பொது இடங்களில் புகைபிடிக்கக் கூடாது என்று முதலில் அச்சாகியே இருக்கும். அதற்குக் கீழே இரண்டு கட்டங்கள். கூடுதல் விதி எதுவும் இல்லை என்பது ஒன்று. இன்னின்ன விதிகள் உண்டு என்று எழுத இடம் விட்டிருப்பது இன்னொன்று. எதில் டிக் போட்டிருக்கிறது, எழுதியிருந்தால் என்ன எழுதியிருக்கிறது என்று வரி வரியாகப் பாருங்கள்.

பார்க்க வேண்டியவை: வீட்டுக்குள் மட்டுமா தடை, பால்கனியும் சேர்த்தா? முற்றம், கார் நிறுத்தும் இடம்? சிகரெட் மட்டுமா, வேப் எனப்படும் மின்சிகரெட்டும் கஞ்சாவுமா? மாகாணத்தின் புகையற்ற ஒன்டாரியோ சட்டம் இந்த மூன்றையும் ஒரே கணக்கில்தான் வைத்திருக்கிறது. நிக்கோடின் இல்லாத வேப் என்றாலும் அதேதான். லீஸில் 'புகைபிடித்தல்' என்று மட்டும் இருந்தால், வேப் சேராது என்று நீங்களே முடிவு கட்டிக்கொள்ள வேண்டாம். கையெழுத்துப் போடும் முன் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கஞ்சாச் செடி வளர்ப்பதும் இதோடு சேர்த்துக் கேட்க வேண்டிய விஷயம். 2018 அக்டோபர் 17 முதல் 19 வயது நிரம்பியவர்கள் கஞ்சா வைத்திருப்பது சட்டப்படி சரி, ஒரு வீட்டுக்கு நான்கு செடி வரை வளர்க்கவும் செய்யலாம். ஆனால் லீஸில் கூடாது என்று எழுத வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு.

'நாய் வளர்க்கக் கூடாது' என்று லீஸில் எழுதினால் ஒன்டாரியோவில் அந்த வரி செல்லாது. அதே மாதிரி புகைத்தடையும் செல்லாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். செல்லப்பிராணிக்குச் சட்டம் தனியாகக் கொடுத்த சலுகை அது. சிகரெட்டுக்கு அப்படி எதுவும் கிடையாது. புகைபிடிப்பவர் என்று தெரிந்து வீடு தர மறுத்தாலும், அந்தக் காரணத்துக்காக மட்டும் மனித உரிமைச் சட்டத்தை நாட முடியாது.

லீஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது வீட்டுக்காரர் ஒரு தாளை நீட்டி, 'நாளையிலிருந்து இந்தக் கட்டடம் புகையில்லாக் கட்டடம், கையெழுத்துப் போடுங்கள்' என்றால் போட வேண்டிய கட்டாயம் இல்லை. ஒருவர் மட்டும் முடிவு செய்து லீஸை மாற்ற முடியாது. அதனால்தான் பல கட்டடங்களில் பழைய வாடகைக்காரர்களுக்கு ஒரு விதி, புதியவர்களுக்கு ஒரு விதி. நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த லீஸின் பிரதியை 21 நாளுக்குள் உங்களுக்குத் தர வேண்டும். தராவிட்டால் கேளுங்கள். வாட்ஸப்பில் அனுப்பிய மங்கலான படம் போதாது.

புகைக்கென்று டெபாசிட் கேட்டால்

கொடுக்காதீர்கள். கடைசி மாத வாடகையை முன்பணமாக வாங்கலாம். சாவிக்கு, புதுச் சாவி செய்ய ஆகும் செலவைத் தாண்டாத, திருப்பித் தரக்கூடிய ஒரு தொகை வாங்கலாம். அவ்வளவுதான். சேத டெபாசிட், சுத்தம் செய்யும் டெபாசிட், புகை டெபாசிட் எதையும் ஒன்டாரியோவில் வாங்க முடியாது. 'வீட்டுக்குள் பிடித்தால் தடவைக்கு 200 டாலர் அபராதம்' என்று லீஸில் எழுதியிருந்தாலும் அப்படி வசூலிக்க வீட்டுக்காரருக்கு அதிகாரம் கிடையாது. உண்மையிலேயே சேதம் நடந்திருந்தால், அதைக் காட்டி வாரியத்தில் கேட்க வேண்டும்.

எங்கே பிடிக்கலாம், எங்கே கூடாது

லிஃப்ட், தாழ்வாரம், மாடிப்படி, லாபி, லாண்டரி அறை, நிலத்தடி பார்க்கிங், பார்ட்டி ஹால் எல்லாமே உள்பக்கப் பொது இடங்கள். அங்கெல்லாம் லீஸில் என்ன இருந்தாலும் இல்லாவிட்டாலும் சட்டப்படித் தடை. பிடிபட்டால் தனிநபருக்கு முதல் தடவை 1,000 டாலர் வரையும், மறுபடியும் பிடிபட்டால் 5,000 டாலர் வரையும் அபராதம் போகலாம். அங்கே தடைப் பலகை வைப்பதும் சாம்பல் கிண்ணம் வைக்காமல் இருப்பதும் கட்டடக்காரரின் பொறுப்பு.

உங்கள் தனி பால்கனியை மாகாணச் சட்டம் தடைசெய்யவில்லை. அதை முடிவு செய்வது லீஸும் கொண்டோ விதிகளும்தான். டொராண்டோ நகரத்துக்குள் பொதுமக்கள் வந்துபோகும் கட்டடங்களின் வாசலிலிருந்து 9 மீட்டருக்குள் பிடிக்கக் கூடாது என்பது நகராட்சி விதி. அதனால் வெளியே போகும்போது வாசல் கூரைக்குக் கீழே ஒதுங்காமல் கொஞ்சம் தள்ளி நடந்துவிடுங்கள்.

பால்கனியில் அனுமதி இருந்தாலும் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். சிகரெட் துண்டைச் செடித் தொட்டியில் குத்தி அணைப்பது நம்மில் பலருக்குப் பழக்கம். இங்கே கடையில் வாங்கும் தொட்டி மண்ணில் பாதிக்கு மேல் மண்ணே இருக்காது. பீட் பாசி, மரத்தூள், பட்டைத் துகள் போன்றவைதான் கலந்திருக்கும். காய்ந்துபோனால் அது எரிபொருள்தான். துண்டு உள்ளே கனன்றுகொண்டே கிடந்து, நீங்கள் தூங்கிய பிறகு பிளாஸ்டிக் தொட்டி உருகித் தீ பிடிக்கும். ஒரு தகர டப்பாவில் தண்ணீரோ மணலோ வைத்துக்கொள்ளுங்கள். கீழே சுண்டி எறிவது அதைவிட மோசம். கீழ்வீட்டு பால்கனியில் துணி காயும், நாற்காலி மெத்தை கிடக்கும்.

மைனஸ் 20 குளிரில் கீழே இறங்க யாருக்கும் மனம் வராது. அப்போதுதான் பாத்ரூமில் ஃபேன் போட்டுக்கொண்டு பிடிக்கும் யோசனை வரும். பழைய உயரமான கட்டடங்கள் பலவற்றில் அடுத்தடுத்த மாடிகளின் பாத்ரூம் துவாரங்கள் ஒரே செங்குத்துக் குழாயில்தான் சேர்கின்றன. குளிர்காலத்தில் கட்டடத்துக்குள் இருக்கும் சூடான காற்று மேலே ஏறும், கீழ் மாடிப் புகையையும் கூடவே தூக்கிக்கொண்டு போகும். சிங்குக்கு அடியில் குழாய் நுழையும் ஓட்டை, மின்சார பிளக் பெட்டி, கதவின் அடியிடுக்கு இதெல்லாம் அதற்கு வழி. கதவடியில் ஈரத்துண்டு வைப்பது தாழ்வாரத்து வாசனையைக் கொஞ்சம் குறைக்கலாம், மேல்வீட்டுக்கு ஒன்றும் செய்யாது.

ஸ்மோக் அலாரத்தை மட்டும் தொடாதீர்கள். பிளாஸ்டிக் உறை மாட்டுவது, பேட்டரியைக் கழற்றுவது எல்லாம் தீயணைப்பு விதிகளின்படி குற்றம். அடுத்தவர் உயிருக்கு ஆபத்து என்று என்-7 வரக் காரணமாகவும் ஆகலாம். எனக்குத் தெரிந்த ஒரு பையனின் வீட்டில் சிகரெட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாத வீட்டுக்காரர், அலாரத்தின் மேல் ஷவர் தொப்பி மாட்டியிருப்பதைப் பார்த்த அன்றைக்குத்தான் கொதித்தார்.

நம் வீடுகளில் இன்னொரு சந்தேகமும் வரும். சாம்பிராணி, ஊதுபத்தி? அவை சட்டம் சொல்லும் 'புகைபிடித்தல்' இல்லை, 10ஆம் பிரிவு வழக்கமாக அதைக் குறிப்பதும் இல்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை சாம்பிராணியில் தாழ்வாரத்து அலாரம் அலறி, தீயணைப்பு வண்டி வந்தால் அண்டை அயலோடு சங்கடம்தான். ஜன்னலைத் திறந்து வைத்து, சின்னத் தூபக்காலில் கொஞ்சமாகப் போடுங்கள், அணையும்வரை பக்கத்திலேயே இருங்கள்.

என்-5 நோட்டீஸ் வந்தால்

பதற வேண்டாம், ஆனால் தூக்கி வைத்துவிடவும் வேண்டாம். என்-5 என்பது மற்றவர்களின் நிம்மதியைக் கெடுத்தீர்கள் அல்லது வீட்டைச் சேதப்படுத்தினீர்கள் என்று சொல்லும் படிவம். புகை விஷயத்தில் பெரும்பாலும் இதுதான் வரும். வெளியேறும் தேதி குறைந்தது 20 நாள் தள்ளி இருக்க வேண்டும். எந்தத் தேதியில் என்ன நடந்தது என்று விவரமும் இருக்க வேண்டும். 'எப்போதும் புகைபிடிக்கிறார்' என்று மொட்டையாக எழுதியிருந்தால் அந்த நோட்டீஸ் பலவீனமானது.

முதல் என்-5 கிடைத்தால் உங்களுக்கு 7 நாள் உண்டு. அந்த 7 நாளில் புகார் சொன்ன காரியத்தை நிறுத்திவிட்டால் நோட்டீஸ் ரத்து. நிறுத்திவிட்டேன் என்று ஒரு மின்னஞ்சலோ கடிதமோ அனுப்பி, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆறு மாதத்துக்குள் மறுபடி புகார் வந்தால் இரண்டாவது என்-5 வரலாம். அதில் 14 நாள்தான், திருத்திக்கொள்ளும் வாய்ப்பு கிடையாது. முதல் நோட்டீஸ் சும்மா மிரட்டல் என்று விட்டவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

நோட்டீஸ் வந்ததாலேயே நீங்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டியதில்லை. வீட்டுக்காரர் வாரியத்தில் மனுப் போட வேண்டும், விசாரணை நடக்க வேண்டும், ஆணை வர வேண்டும். அந்த ஆணையை நிறைவேற்ற நீதிமன்ற அதிகாரியான ஷெரிஃபால் மட்டும்தான் முடியும். வீட்டுக்காரரே பூட்டை மாற்றினால் அது சட்டவிரோதம். விசாரணையில் அவர் காட்ட வேண்டியது, லீஸை மீறினீர்கள் என்பதை மட்டும் இல்லை. அந்த மீறல் யாரையாவது கணிசமாகப் பாதித்தது, அல்லது சேதம் செய்தது, அல்லது ஆபத்தை உண்டாக்கியது என்பதையும் நிரூபிக்க வேண்டும். அங்கே லீஸின் தடை வரி அவர் பக்கத்துக்குப் பலம் சேர்க்கும், முழு வழக்கும் அதுவே ஆகிவிடாது. லீஸ் பேசாமல் இருந்தாலும், பக்கத்து வீட்டு ஆஸ்துமா நோயாளி வந்து சாட்சி சொன்னால் உங்கள் நிலைமை கஷ்டம்தான்.

மருத்துவர் எழுதிக் கொடுத்த கஞ்சா என்றால் கதை கொஞ்சம் வேறு. உடல்நலக் குறைவுக்கு ஏற்ற வசதி செய்துதர மனித உரிமைச் சட்டப்படி வீட்டுக்காரருக்குக் கடமை உண்டு. ஆனால் அது வீட்டுக்குள் புகைக்க நேரடி அனுமதி இல்லை. எண்ணெய், மாத்திரை வடிவில் எடுக்க முடியாதா என்ற கேள்வி வரும். மருத்துவரின் கடிதத்தோடு முன்னாலேயே பேசிவிடுவது நல்லது.

நண்பர்கள் வந்து பிடித்தாலும் பொறுப்பு உங்களுடையதுதான். விருந்தாளி செய்த சேதத்துக்கும் தொந்தரவுக்கும் வாடகைக்காரரைத்தான் கேட்பார்கள்.

அடுத்த வீட்டுப் புகை உங்கள் வீட்டுக்குள் வந்தால்

இது இன்னும் பலருக்கு நடப்பது. கைக்குழந்தையோடு இருப்பவர்கள், மேல்மாடியில் இருப்பவர்கள் அதிகம் படுவார்கள். வீட்டில் நிம்மதியாக இருக்கும் உரிமை உங்களுக்கு உண்டு, அதைக் காக்க நடவடிக்கை எடுப்பது வீட்டுக்காரரின் கடமை. 'அது அவர் வீடு, நான் என்ன செய்ய?' என்று அவர் கைகழுவ முடியாது.

ஒரு நோட்டு போடுங்கள். 'பக்கத்து வீட்டில் எப்பவும் நாற்றம்' என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. 'மார்ச் 4, செவ்வாய், இரவு 10.40 முதல் 11.15 வரை. பாத்ரூம் துவாரம் வழியே சிகரெட் புகை. படுக்கையறைக் கதவைச் சாத்தினோம். குழந்தை இருமியது. சூப்பருக்கு 10.50க்கு மெசேஜ்' என்று எழுதுங்கள் (சூப்பர் என்பவர் கட்டடத்தைக் கவனித்துக்கொள்ளும் மேற்பார்வையாளர்). பாதிப்பு உடம்பில் தெரிந்தால் குடும்ப மருத்துவரிடம் சொல்லிக் கடிதம் வாங்கிவையுங்கள். சூப்பரை நேரில் அழைத்து வந்து முகர்ந்து பார்க்கச் சொல்வதும் உதவும், பின்னால் அவர் சாட்சி ஆவார்.

பிறகு வீட்டுக்காரருக்கு எழுத்தில் புகார். துவாரம், பிளக் பெட்டி, குழாய் ஓட்டைகளை அடைக்கவும், புகைபிடிப்பவரிடம் பேசவும், தேவையானால் நோட்டீஸ் கொடுக்கவும் கேளுங்கள். சில வாரம் பொறுத்தும் அசையாவிட்டால் வாரியத்தில் டி-2 மனுப் போடலாம். பிரச்சினை நடந்து ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். வாடகையில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும்படி வாரியம் உத்தரவிட முடியும். லாபியிலோ மாடிப்படியிலோ பிடிக்கிறார்கள் என்றால் நகரத்தின் பொதுச் சுகாதாரத் துறையிடமே நேராகப் புகார் செய்யலாம்.

கோபத்தில் வாடகையை மட்டும் நிறுத்தாதீர்கள். புகைப் பிரச்சினையில் நியாயம் உங்கள் பக்கம் இருக்கும், வாடகை பாக்கி வழக்கில் வீடு போய்விடும்.

வீட்டைக் காலி செய்யும்போது

சுவர் மங்குவது, தரை தேய்வது வாழ்ந்த வீட்டின் இயல்பான தேய்மானம், அதற்குக் காசு கேட்க முடியாது. ஆனால் மஞ்சளேறிய கூரை, வாசனை ஏறிய கார்ப்பெட், பால்கனித் தரையில் சுட்ட கறை இதெல்லாம் தேய்மானக் கணக்கில் வராது. நிக்கோடின் கறை படிந்த சுவருக்குச் சாதாரண பெயின்ட் அடித்தால் கறை மறுபடியும் மேலே ஊறி வரும். முதலில் கழுவி, கறையைத் தடுக்கும் பிரைமர் அடித்து, பிறகுதான் பெயின்ட். அந்தச் செலவு கணிசமானது. நீங்கள் போன பிறகும் ஒரு வருடத்துக்குள் வாரியத்தில் போடும் எல்-10 மனுவில் வீட்டுக்காரர் அதைக் கேட்கலாம். அதனால் குடிபுகும் அன்றே கூரை, ஜன்னல் சட்டம், திரைச்சீலை, பால்கனித் தரை எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுங்கள். முன்னால் இருந்தவர் விட்டுப்போன வாசனை இருந்தால் முதல் வாரத்திலேயே மின்னஞ்சலில் சொல்லிவிடுங்கள். போகும் அன்றும் அதே கோணங்களில் படம் எடுங்கள்.

நோட்டீஸோ விசாரணைத் தேதியோ வந்துவிட்டால் தனியாகத் தடுமாற வேண்டாம். வருமானம் குறைந்தவர்களுக்கு அந்தந்தப் பகுதியின் சமூகச் சட்ட மையங்கள் இலவசமாக உதவுகின்றன. தெற்காசியர்களுக்கென்றே ஒன்டாரியோ தெற்காசியச் சட்ட மையமும் இருக்கிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 211ஐ அழைத்துக் கேளுங்கள். சிகரெட்டை விடுவதற்கு உதவி வேண்டுமென்றால் 811. சட்ட மையத்துக்குப் போகும்போது லீஸ், நோட்டீஸ், உங்கள் நோட்டுப் புத்தகம், அனுப்பிய மின்னஞ்சல்களின் பிரதி எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். நோட்டீஸ் உங்கள் கையில் கிடைத்த தேதியை அதன் மூலையிலேயே பேனாவால் குறித்துவையுங்கள். 7 நாள், 14 நாள், 20 நாள் என்று அவர்கள் முதலில் எண்ணிப் பார்ப்பது அதைத்தான்.